டீசல் கார் வாங்கலாமா? தினமும் ஏழு கிலோமீட்டர், மாதம் ஒருமுறை தென்காசி

சிற்றாற்றுக்காரன் (மடிப்பாக்கம், சென்னை)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இந்த ஒரு கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் இருக்கும் சிறிய பெட்ரோல் காருக்குப் பதினொரு வயதாகிவிட்டது. அதை மாற்ற வேண்டும். பதினான்கு லட்சம் வரை செலவிட முடியும்.

எங்கள் ஓட்டம் இப்படி. காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுக் கிண்டியில் இருக்கும் அலுவலகத்துக்குப் போகிறேன். எல்லாம் சேர்த்து ஏழு, எட்டு கிலோமீட்டர். மாலையில் அதே வழி. இடையில் மனைவி எடுத்தால் காய்கறிக் கடை, மருந்துக் கடை, கோயில். மாதம் ஒருமுறை தென்காசிக்குப் போவோம். ஒரு வழிக்கு அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அப்பாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகியிருப்பதால் பஸ்ஸில் அத்தனை நேரம் காலை மடக்கி உட்கார முடியவில்லை.

என் அத்தான் டீசல்தான் என்று அடித்துச் சொல்கிறார். ஒருமுறை டாங்க்கை நிரப்பினால் தென்காசி போய் இறங்கியும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்குமாம். அலுவலக நண்பர் ஒருவரோ டீசல் பக்கமே போகாதீர்கள் என்கிறார். இரண்டு பேரும் சொந்த அனுபவத்தில்தான் பேசுகிறார்கள். யாரை நம்புவது?

கொங்குச்சாலை (திருப்பூர்)

உங்கள் அத்தான் சரியாகச் சொல்கிறார்.

நூல் வியாபாரம் செய்கிறேன். ஈரோடு, கரூர், சேலம் என்று மாதம் மூவாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறேன். 2016-இல் வாங்கிய டீசல் கார். இன்று காலை மீட்டரில் 2,38,000-ஐத் தாண்டியிருந்தது. இன்ஜினை இதுவரை பிரித்ததில்லை. கிளட்ச் ஒருமுறை, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய் ஒருமுறை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் எண்ணெயும் ஃபில்டரும்தான்.

டீசலின் அருமை சமவெளியில் அவ்வளவாகத் தெரியாது. ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு ஏறிப் பாருங்கள், நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். போன மே மாதம் அம்மா, அக்கா, அத்தான், இரண்டு பிள்ளைகள், பின்னால் பெட்டிகள், ஒரு கூடை மாம்பழம் என்று ஏற்றிக்கொண்டு போனேன். வளைவில் வேகம் குறைந்து இரண்டாவது கியருக்கு வந்து, காலை லேசாக அழுத்தியதும் வண்டி முனகாமல் ஏறுகிறது. எங்களுடன் வந்த சின்ன மாமாவின் பெட்ரோல் வண்டி ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்குப் போய்க் கதறியது. அட்டகட்டியில் நிறுத்தியபோது அவர் முகமே சோர்ந்திருந்தது.

இதற்குக் காரணம் எளிது. இன்று விற்கும் ஒன்றரை லிட்டர் டீசல் இன்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் இழுவிசை தருகிறது. அதே நிறுவனத்தின் டர்போ இல்லாத ஒன்றரை லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 144 தான் தரும், அதுவும் 4,500 சுற்றுக்குப் போன பிறகு. டர்போ பெட்ரோல் வாங்கினால் இழுவிசை கிடைக்கும், ஆனால் மைலேஜை மறந்துவிட வேண்டும்.

பயப்படாமல் வாங்குங்கள். அப்பாவை நிம்மதியாக ஊருக்கு அழைத்துப் போங்கள்.

கணித ஆசிரியை (வேளச்சேரி)

கொங்குச்சாலை ஐயா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வண்டி 2016-ஆம் ஆண்டு வண்டி, உங்கள் சாலையும் வேறு. மடிப்பாக்கத்துக்கு அடுத்த ஊரில் இருந்து, கிட்டத்தட்ட இதே ஓட்டத்துக்கு நான் டீசல் வாங்கி அனுபவித்ததை எழுதுகிறேன்.

2021-இல் வாங்கினோம். வீட்டிலிருந்து பள்ளி நான்கு கிலோமீட்டர். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. பிறகு சில நாட்களில் ஒரு விசித்திரம். பள்ளி வாகன நிறுத்தத்தில் இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் முன்பக்கத்தில் மின்விசிறி பெரிய இரைச்சலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போனால் அனல் அடிக்கும், இரும்பு காய்ந்தது போல ஒரு வாடை வரும். ஏ.சி.யில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். சர்வீஸ் நிலையத்தில் சொன்னபோது "அது சாதாரணம்தான் மேடம்" என்றார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் இல்லை.

மூன்றாவது வருடம் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இரண்டு நாள் கழித்து வண்டி நாற்பதுக்கு மேல் போக மறுத்தது. பள்ளிக்கரணைச் சாலையில் பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, நான் ஓரமாக ஊர்ந்து போனதை மறக்கவே முடியாது. புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி அடைத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் ரூபாய். நீங்கள் சரியாக ஓட்டாததால் வந்த அடைப்பு, ஆகவே வாரண்டியில் வராது என்றும் சொன்னார்கள்.

என்னை வேதனைப்படுத்தியது பணம் மட்டும் இல்லை. வண்டியை வாங்கும்போது "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், எப்படிப்பட்ட சாலை" என்று விற்றவர்கள் யாரும் கேட்கவில்லை. நிறத்தைக் கேட்டார்கள், தவணையைக் கேட்டார்கள்.

திருச்சிப் பட்டறை

ஆசிரியை அம்மா எழுதிய அந்த மின்விசிறி இரைச்சலைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அது கோளாறு அல்ல. வண்டி உங்களிடம் "இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள்" என்று கெஞ்சியிருக்கிறது. அதைச் சொல்லித் தர ஆள் இல்லாமல் போய்விட்டது.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. டீசலில் பத்து லட்சத்துக்கு 50 பங்கு வரை இருந்த கந்தகத்தை 10 பங்காகக் குறைத்தார்கள். அதோடு ஏறக்குறைய எல்லா டீசல் கார்களிலும் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி வந்தது. பட்டறையில் டி.பி.எஃப். என்போம். தேன்கூடு போல நுண்ணிய அறைகள் கொண்ட பீங்கான் கட்டி அது. இன்ஜின் கக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் புதிய டீசல் வண்டியின் சைலன்ஸர் முனையில் விரலை விட்டால் கறுப்பு ஒட்டுவதில்லை.

பிடித்த கரியை எங்கே போடுவது? எரிக்க வேண்டும். அதற்கு 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடும் வண்டியில் வடிகட்டி பாதிச் சூட்டிலாவது இருக்கும், வேலை சீக்கிரம் முடியும். நகரத்தில் ஊர்கிற வண்டியில் அந்தச் சூடு வராது. அப்போது இன்ஜினின் கணினி, வழக்கமான நேரம் தாண்டி இன்னும் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சி, புகையைச் சூடாக்கி, கரியை எரிக்கப் பார்க்கும். இது முடியப் பதினைந்து, இருபது நிமிடம் வேண்டும். இடையில் சாவியை அணைத்தால் அரைகுறையாக நின்றுவிடும். அந்த அனலை ஆற்றத்தான் மின்விசிறி சுற்றுகிறது. அடுத்த நாள் மறுபடி தொடங்கும், மறுபடி நான்கு கிலோமீட்டரில் பள்ளி வந்துவிடும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அதிகமாகப் பீய்ச்சிய டீசல் முழுவதும் புகையோடு போவதில்லை. கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே இன்ஜின் எண்ணெயில் கலக்கிறது. போன மாதம் உறையூரிலிருந்து ஒரு வண்டி வந்தது. மூன்று ஆண்டு வண்டி, 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இன்ஜின் எண்ணெய் அளவுகோலை உருவித் துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தேன். எண்ணெய் மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. தொட்டால் தண்ணீராக ஓடுகிறது, முகர்ந்தால் டீசல் வாடை. உரிமையாளருக்கு ஒரே மகிழ்ச்சி, "பாருங்கள் அண்ணே, எண்ணெய் கொஞ்சமும் குறையவில்லை" என்கிறார். எண்ணெய் குறைந்தால் பயப்படத் தெரிந்த நமக்கு, கூடினால் பயப்படத் தெரிவதில்லை. அந்த நீர்த்த எண்ணெயில்தான் டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது.

கொங்குச்சாலை அண்ணன் சொன்னதும் உண்மை. 2,38,000 கிலோமீட்டர் ஓடியும் அவர் இன்ஜின் பிழைத்திருப்பதற்குக் காரணம் அந்தக் கிலோமீட்டர்தான். டீசல் இன்ஜின் சூடாகி ஓட வேண்டும். தினமும் குளிர்ந்தபடி எழுந்து குளிர்ந்தபடியே படுத்தால் அதற்கு நோய் வரும்.

சிற்றாற்றுக்காரர் தம்பி, நீங்கள் இரண்டு வேலை செய்யுங்கள். ஃபாஸ்டேக் கணக்கைத் திறந்து கடந்த ஓராண்டில் உண்மையில் எத்தனை முறை தென்காசி போனீர்கள் என்று எண்ணுங்கள். பிறகு இரண்டு வாரத்துக்கு, இப்போதைய வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம் ஓடியது என்று ஒரு தாளில் குறியுங்கள். அதன் பிறகு பேசலாம்.

நாற்கரச்சாலை (விழுப்புரம்)

இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு? வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு, கணினியில் மென்பொருளை மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது. என் நண்பர் முப்பதாயிரம் ரூபாயில் முடித்துவிட்டார். மைலேஜும் கூடியிருக்கிறது.

திருச்சிப் பட்டறை

அந்த வேலையை நான் செய்ய மாட்டேன். என்னிடம் கேட்டு வந்த ஏழெட்டுப் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். அதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த வடிகட்டி பிடித்து வைத்திருந்த கரி இனி எங்கே போகும்? பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் மூக்குக்குள் போகும். என் பட்டறைப் பையன்கள் நாள் முழுவதும் சைலன்ஸர் பக்கத்தில் நிற்கிறவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வெட்ட முடியாது.

மாசிவீதி செவிலி (மதுரை)

பட்டறை அண்ணனுக்கு நன்றி. நெஞ்சக நோய்ப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாகப் பணி செய்கிறேன். கார் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, மகனுக்காகத்தான் இந்தப் பக்கம் படிக்க வந்தேன். ஆனால் இதை மட்டும் சொல்ல வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே வகுப்பு. நாற்கரச்சாலை அவர்களே, கோபமாகச் சொல்லவில்லை. பள்ளி விடும் நேரத்தில் உங்கள் நண்பரின் வண்டி சைலன்ஸர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் வகுப்புப் பிள்ளையின் முகமும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

நாற்கரச்சாலை (விழுப்புரம்)

அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை, சகோதரி. என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். நண்பரிடமும் பேசுகிறேன்.

ஏற்காட்டு அடிவாரம் (சேலம்)

கூட்டிக் கழித்துப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பது என் பழக்கம். ஆகவே கணக்கு மட்டும்.

சென்னையில் 2025-இல் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாயை ஒட்டி விற்றது, டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேல். சராசரியாகப் பெட்ரோல் வண்டி 14, டீசல் வண்டி 18 கிலோமீட்டர் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் செலவு சுமார் 86,500 ரூபாய், டீசல் செலவு சுமார் 61,500 ரூபாய். மிச்சம் 25,000. நான் விசாரித்த வண்டிகளில் ஒரே மாடலின் டீசல் வகை ஒன்றேகால் லட்சம் முதல் ஒன்றரை லட்சம் வரை கூடுதல் விலை. சர்வீஸ் செலவும் ஆண்டுக்கு மூன்று, நான்காயிரம் அதிகம் வரும். ஆக, போட்ட பணம் திரும்ப ஆறு, ஏழு ஆண்டு ஆகும். அதற்குள் ஆசிரியை அம்மாவுக்கு வந்தது போல ஒரு செலவு வந்தால் கணக்கு முற்றாகக் கவிழ்ந்துவிடும்.

இதையே ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டருக்குப் போட்டால் மிச்சம் 62,000 ரூபாய். இரண்டரை, மூன்று ஆண்டுகளில் பணம் திரும்பிவிடும். கொங்குச்சாலை அண்ணனுக்கு அதற்கும் முன்பே திரும்பியிருக்கும்.

நம் பெரியவர்கள் டீசல் டீசல் என்று சொல்வதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் அளவுக்கு இடைவெளி இருந்தது. யார் கணக்குப் போட்டாலும் டீசல்தான் வென்றது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்கியது. இடைவெளி சுருங்கிவிட்டது. நாட்டின் மிகப் பெரிய கார் நிறுவனமான மாருதி சுஸுகி 2020 ஏப்ரலோடு டீசலை முழுவதுமாக விட்டுவிட்டது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ரெனால்ட் ஆகியவையும் அதே ஆண்டு இந்தியாவில் டீசலைக் கைவிட்டன. சிற்றாற்றுக்காரருடைய அத்தானின் அறிவுரை அவர் வண்டி வாங்கிய காலத்துக்குச் சரியானது.

டீசலுக்குச் சாதகமாகவும் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,500 சி.சி.க்குள் இன்ஜினும் உள்ள டீசல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் ஆகிவிட்டது. முன்பு மேல்வரியோடு சேர்த்து 31 சதவீதம். அடுத்தது, இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதை நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. டீசலில் அந்தக் கலப்பு இல்லை. என் 14 கிலோமீட்டர் உங்கள் கையில் 13 ஆகக்கூடும். அப்படிப் போட்டாலும் 12,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு முடிவு மாறவில்லை, போட்ட பணம் திரும்புவது மட்டும் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு முன்னே வருகிறது.

யமுனைக்கரைத் தமிழன் (டெல்லி)

புது வண்டிக்குப் பதில் பழைய டீசல் வண்டியைக் குறைந்த விலைக்கு வாங்கலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் என் பங்குக்கு ஒன்று.

இங்கே பத்து வயதைத் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. பெட்ரோலுக்குப் பதினைந்து வயது. 2025 ஆகஸ்டில் வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று நீதிமன்றம் சொன்னது, ஆனாலும் அந்தப் பயம் இங்கிருந்து போகவில்லை. குளிர்காலத்தில் காற்று கெட்டுப்போகும் நாட்களில் பாரத் ஸ்டேஜ் 4 டீசல் கார்களைச் சாலையில் எடுக்கத் தடை போடுகிறார்கள். அதனால் ஒன்பது வயதில் நல்ல நிலையில் இருந்த என் வண்டியைக் கிடைத்த விலைக்குக் கொடுத்தேன். 97,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது, பூ மாதிரி வைத்திருந்தேன். வாங்கியவர் தடையில்லாச் சான்று எடுத்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

தமிழ்நாட்டில் அப்படிப் பத்து ஆண்டு விதி இல்லை. டீசலுக்கும் பதினைந்து ஆண்டு பதிவு, பிறகு தகுதிச் சான்று பெற்றுப் புதுப்பிக்கலாம். அதனால்தான் இங்கிருந்து வண்டிகள் தெற்கே வருகின்றன. நல்ல வண்டிகளும் உண்டு. ஆனால் டெல்லி வண்டி என்றால் நகர நெரிசலில் ஊர்ந்த வண்டி என்று முதலில் நினையுங்கள். குறைந்த கிலோமீட்டர் என்று மகிழ்ந்து வாங்காதீர்கள். பட்டறை அண்ணன் சொன்ன அளவுகோலை உருவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சிற்றாற்றுக்காரன் (மடிப்பாக்கம், சென்னை)

பதினாறு நாள் கழித்து வருகிறேன். பட்டறை அண்ணன் சொன்னபடி இரண்டு வேலையையும் செய்தேன்.

ஃபாஸ்டேக் கணக்கைப் பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறோம் என்று நான் மனதார நம்பிக்கொண்டிருந்தேன், உங்களிடமும் அப்படியே சொன்னேன். போன ஓராண்டில் ஐந்து முறைதான் போயிருக்கிறோம். பொங்கல், பங்குனி உத்திரம், மே விடுமுறை, ஊர்க் கொடை, தீபாவளி. மற்ற மாதங்களில் போக நினைத்திருக்கிறேன், போகவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "ஆமாம், எனக்குத் தெரியுமே" என்றார். அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

தாளில் குறித்த கணக்கு: இரண்டு வாரத்தில் வண்டியை 58 முறை கிளப்பியிருக்கிறோம். இருபது நிமிடத்துக்கு மேல் நிற்காமல் சீராக ஓடியது மூன்று முறை. அதில் ஒன்று அப்பாவைச் செங்கல்பட்டில் அத்தை வீட்டுக்கு அழைத்துப்போனது. கிண்டிப் பயணம் சில நாள் நாற்பது நிமிடம் ஆகிறது, ஆனால் அதில் பாதி நேரம் சிக்னலில் நிற்பதுதான். அதைச் சேர்க்கவில்லை. சேர்க்கலாமா அண்ணே?

திருச்சிப் பட்டறை

சேர்க்க வேண்டாம் தம்பி. நின்று இரைந்த நேரம் கரியைச் சேர்க்கும், எரிக்காது.

உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல். இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆண்டுக்கு ஐந்து நெடும் பயணம் என்றால் நடுவில் இரண்டு, மூன்று மாதம் வண்டி நகரத்திலேயே கிடக்கும். அதற்குள் வடிகட்டி ஐந்தாறு முறையாவது நிரம்பும். வார இறுதியில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஓர் அரை மணி நேரம் அறுபது, எழுபதில் ஓட்டிவிட்டு வந்தால் சமாளிக்கலாம்தான். ஆனால் வண்டிக்கு மருந்து கொடுக்க ஞாயிற்றுக்கிழமை காலையை இழப்பது எத்தனை வாரம் நடக்கும்? முதல் மாதம் போவீர்கள். பிறகு மகளுக்குத் தேர்வு வரும், மழை வரும்.

கொங்குச்சாலை (திருப்பூர்)

என் முதல் பதிவை இப்போது திரும்பப் படித்தேன். என் சாலையை வைத்து உங்களுக்கு வழி சொல்லிவிட்டேன், தம்பி. பட்டறைக்காரர் சொல்வதே சரி. பெட்ரோல் எடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த இழையைப் படிக்கிறவர்கள் டீசல் என்றாலே தீண்டத் தகாதது என்று நினைத்துவிடக் கூடாது. என்னைப் போலச் சாலையிலேயே பிழைப்பவர்கள், மலை ஊர்களில் இருப்பவர்கள், ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு இன்றும் அதற்கு நிகராக ஒன்று வரவில்லை. எனக்கு அடுத்த வண்டியும் டீசல்தான்.

சிற்றாற்றுக்காரன் (மடிப்பாக்கம், சென்னை)

பெட்ரோல் வண்டிக்கு நேற்று முன்பணம் கட்டிவிட்டோம். மிச்சமான ஒன்றேகால் லட்சத்தைத் தொடப் போவதில்லை. அதிலிருந்து மாதாமாதம் பொதிகை விரைவு ரயிலில் அப்பாவுக்கும் எனக்கும் கீழ்ப் படுக்கையாகப் பார்த்து டிக்கெட் எடுக்கப் போகிறேன். பஸ்ஸில்தான் அவருக்குக் கால் வலி, ரயிலில் நீட்டிப் படுக்கலாம் என்பது இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்கு எடுத்தாகிவிட்டது. எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

ராயக்கோட்டைச் சாலை (ஓசூர்)

இழையை முழுவதும் படித்தேன். எனக்கு நேர் எதிரான நிலை. ஓசூரில் வீடு, கிருஷ்ணகிரியில் வேலை. ஒரு வழிக்கு ஐம்பது கிலோமீட்டர், முழுவதும் தேசிய நெடுஞ்சாலை, வாரம் ஆறு நாள். வீட்டில் எல்லோரும் டீசல் வேண்டாம் என்று பயமுறுத்துகிறார்கள். பட்டறை அண்ணன் என்ன சொல்கிறீர்கள்?

திருச்சிப் பட்டறை

தயங்காமல் டீசல் எடுங்கள். இப்படிப்பட்ட ஓட்டத்துக்காகவே செய்த இன்ஜின் அது. ஆண்டுக்கு முப்பதாயிரம் வந்துவிடும். வடிகட்டி தானாகவே சுத்தமாகிக்கொள்ளும், உங்களுக்கு அது இருப்பதே தெரியாது.

கவனிக்க வேண்டியவை சில. சாம்பல் குறைந்த இன்ஜின் எண்ணெய் என்று கையேட்டில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றச் சொல்லுங்கள். கரி எரியும், எண்ணெயின் சாம்பல் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். டீசல் ஃபில்டரில் தங்கும் தண்ணீரை ஒவ்வொரு சர்வீஸிலும் வடிக்கச் சொல்லிக் கண்ணால் பாருங்கள். பங்க்கில் நிரப்பும்போது கீழே இறங்கி நின்று "டீசல்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் தொடவே கூடாது, அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கிளப்பினால் உயரழுத்த பம்ப்பும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் போய்விடும்.

நீங்கள் எடுக்கும் வண்டியில் புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல் டாங்க் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நீல மூடி இருக்கும். அதில் 32.5 சதவீத யூரியா கலந்த, அதற்கென்றே விற்கும் கரைசலை மட்டும் ஊற்ற வேண்டும். தோட்டத்து யூரியாவைக் குடிநீரில் கரைத்து ஊற்றிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. மூடியைத் திறந்தால் வாய் முழுவதும் கல் உப்புப் போல வெள்ளைப் படிகம் பூத்திருக்கிறது. பம்ப், குழாய், எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கரைசல் தீர்ந்துபோனால் வண்டி மறுபடி கிளம்பாது, ஆகவே எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிடுங்கள்.

கிருஷ்ணகிரியில் இறங்கும்போது அரை நிமிடம் இன்ஜினை அப்படியே ஓடவிட்டு அணையுங்கள், டர்போ ஆறட்டும். மாதம் ஒரு ஞாயிறு காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி அளவுகோலை உருவிப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் எண்ணெய் நின்றால் மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம்.